ஜூஸ் பாக்டரிக் குட்டைக்கு வந்த உள்ளான்

சித்தூர்ப் பக்கத்து எர்ரமிட்டாவில் யாரைக் கேட்டாலும் "பிரேமலதாவுக்கு மூக்கு ஜாஸ்தி" என்பார்கள். மூக்கு ஜாஸ்தியாம்! பங்காருபாளையத்திலிருந்து வரும் பஸ் ஊருக்கு முன்னால் இருக்கும் வளைவில் திரும்பும்போதே கண்டக்டர் கர்சீப்பை எடுத்து மூக்கில் கட்டிக்கொள்கிறார். யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்கள். இங்கே ஊர் வரும் பின்னே, நாற்றம் வரும் முன்னே. அதை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் பிரேமலதா. ஆகவே மூக்கு அவளுக்குத்தான் ஜாஸ்தி.

அவள் வளர்ந்தது அடுத்தவர் மாந்தோப்பில். அவளுடைய நைனா வெங்கடசாமிக்குக் காலடி மண் சொந்தமில்லை. சீசனுக்கு ஒரு தோப்பு என்று காவல் போவார். ராத்திரிக் காவல் அவருக்கு, பகல் காவல் மகளுக்கு. கிளி இருக்கிறதே, ஒரு பழத்தை முழுசாகத் தின்றுவிட்டுப் போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதை ஒரு கொத்து, அதை ஒரு கொத்து என்று மரத்தையே எச்சில் பண்ணிவிடும். கையில் ஓர் எண்ணெய் டின், ஒரு புளியங்குச்சி, தொண்டை நிறைய ஒரு "ஓஓய்!" இவ்வளவுதான் அவளுடைய ஆயுதம். அவள் டின்னைத் தட்டினால் நாலு தோப்புக் கிளியும் மொத்தமாகக் கிளம்பும். "டின்னு பிரேமா" என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான், அவள் பெண்ணுக்கே கல்யாணம் ஆன பிறகும் போகவில்லை. பறவை என்றால் அவள் அகராதியில் திருடன். அதை நின்று ரசிப்பவர்களும் உலகத்தில் உண்டு என்று அவளுக்கு ரொம்ப நாள் தெரியாது.

மண்டியில் பழக்கூடை ஏற்றி இறக்கும் சந்திரசேகரைக் கட்டினாள். நல்ல மனுஷன், வாயில்லாப் பூச்சி. ஊர்க் குட்டையை ஒட்டி இருந்த சரளை மேட்டில் கவர்மெண்டு பட்டா கொடுத்தபோது, "கல்லு காட்டைக் குடுத்து ஏமாத்திட்டானுங்க" என்று மற்றவர்கள் முனகினார்கள். இவர்கள் இரண்டு பேரும் அதில் தோத்தாபுரி மாங்கன்று வைத்து, குட்டைத் தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கி ஊற்றினார்கள். அன்றைக்கு அந்தத் தண்ணீரில் அரிசி களையலாம், முகம் கழுவலாம். கன்றுகள் மரமாகி, முதல் காய்ப்பில் அவள் தன் சொந்தக் கிளிகளைத் தன் சொந்த டின்னால் ஓட்டினாள்.

அப்புறம்தான் குட்டைக்கு எதிர்ப்பக்க மேட்டில் ஜூஸ் பாக்டரி வந்தது. மாம்பழத்தைக் கூழாக்கி டப்பாவில் அடைத்துக் கப்பலேற்றும் பாக்டரி. ஊரே பூரித்துப் போயிற்று. பிரேமலதாவும்தான்; பழம் சீவும் வரிசையில் கத்தியோடு உட்கார்ந்தவள்தானே அவளும். சீவின தோல் எங்கே போகிறது, கொட்டை எங்கே போகிறது, கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று அப்போது யார் கேட்டார்கள்? எல்லாம் ஒரு குழாய் வழியாகக் குட்டைக்குத்தான் போயிற்று.

அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? புளித்த கள்ளில் அழுகல் முட்டையை உடைத்து ஊற்றி, வெயிலில் வைத்து மூடியைத் திறந்தது மாதிரி. குட்டைத் தண்ணீர் முதலில் மஞ்சளாக இருந்தது, பிறகு பழுப்பானது, கடைசியில் கறுத்துத் தோல் கட்டிவிட்டது. கரையில் கொட்டின மாங்கொட்டைக் குவியலில் வெள்ளைப் புழு. வெயில் ஏறினால் குவியலே அசைகிற மாதிரி தெரியும். தூ! ஈ என்றால் ஈ, சோற்றில் ஈ, பாலில் ஈ, தூங்குகிறவன் வாயில் ஈ. பிரேமலதா வீட்டில் சாப்பாடு கொசுவலைக்குள்தான். அவள், புருஷன், மகள் மூன்று பேரும் வலைக்குள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்து, தட்டுக்கு மேல் குனிந்து, மூச்சை அடக்கித் துன்னுவார்கள். மாமரம் வைத்துப் பிழைக்கிறவள், மாம்பழத்தைக் கண்டால் குமட்டுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த அநியாயத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பாக்டரி மேனேஜர் சிரஞ்சீவியிடம் போய்ச் சொன்னாள். அவன் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு சிரித்தான்.

"கொஞ்ச நாள்ள பழகிடும்மா."

"பழகறதுக்கு நான் என்னா பன்னியா?" என்றாள் பிரேமலதா.

அடுத்த சீசனுக்கு அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. மற்றவர்களைக் கூப்பிட்டார்கள், அவர்களுக்கெல்லாம் பழகிவிட்டது. மீன் விற்ற காசு நாறுமா என்ன? அவள் திங்கட்கிழமைதோறும் பஸ் ஏறிச் சித்தூர்ப் பெரிய ஆபீசுக்கு அர்ஜி கொடுக்க ஆரம்பித்தாள். நாலு வருஷம். "சரி, போயிட்டு வாம்மா" என்கிற பதிலைத் தமிழில் கேட்டாள், தெலுங்கில் கேட்டாள்.

இத்தனைக்கும் நடுவில் மகள் பிரியங்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. அவன் வீடு புத்தூரில். பிரியங்கா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் பிரேமலதா தலைகால் புரியாமல் ஆடினாள். தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில்தானே? ஏழாம் மாசம் சீமந்தம் முடிந்ததும் மகளைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்று பேச, சம்மந்தி முனிலட்சுமியை வீட்டுக்கு அழைத்தாள்.

முனிலட்சுமி வாசலில் கால் வைத்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். வைத்த காபியைத் தொடவில்லை. அதில் ஏற்கனவே ஓர் ஈ நீந்திக்கொண்டிருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்தி. இந்த நாத்தத்துல புள்ளத்தாச்சிப் பொண்ணை நான் வுட மாட்டேன். பச்சப் புள்ளைய ஈ மொய்க்கறதுக்கா? பிரசவம் எங்க ஊட்லயே ஆவட்டும்."

பிரேமலதாவுக்குச் சுருக்கென்றது. தாய்வீட்டுக்குப் பெண்ணை அனுப்பவில்லை என்றால் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஆனால் முனிலட்சுமி சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

அந்த எரிச்சலில் திங்கட்கிழமை ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் பொண்ணு ஊட்டுக்கு வரணும், ஒரு பதில் சொல்லுங்க" என்று அவள் போட்ட கூச்சலில் யாருக்கோ மனசு கரைந்தது. குழாயை அடைக்கணும், ஜேசிபி வைத்துக் குட்டையை வாரணும் என்று உத்தரவு வந்தது. அதுவும் சீமந்தத்துக்கு முன்னாலேயே! பிரேமலதா புத்தூருக்கு போன் போட்டு, "சம்மந்தி, சுத்தமானதும் வந்து நீங்களே மோந்து பாருங்க" என்றாள். முனிலட்சுமி "பாக்கலாம்" என்றாள்.

அது ஆவணி மாசம், மழை ஏமாற்றிய வருஷம். குழாயை அடைத்தார்கள். குட்டை ஓரத்தில் வற்றி, கருப்புச் சேறு வெளியே தெரிந்தது. அந்தச் சேற்றில்தான் அந்தச் சனியன் வந்து இறங்கியது.

பார்த்தால் ஒன்றுமில்லை. நம் ஊர் உள்ளான் மாதிரி கைக்கடக்கமாக, பழுப்பாக, கொஞ்சம் வளைந்த மூக்கோடு ஒரு குருவி. ஆனால் திருப்பதியிலிருந்து ஒரு கார் வந்தது. மறுநாள் சித்தூரிலிருந்து, சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து. ஆள் உயரக் கேமராவும் முக்காலியில் நிற்கும் தூரக்கண்ணாடியுமாகக் குட்டைக் கரையில் திருவிழா. அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்தவன் கௌஸ்துப். திருப்பதி கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பையன், கம்ப்யூட்டர் வேலை. நல்ல மரியாதையான பிள்ளை, அதைக் குறை சொல்லக்கூடாது. மூக்குக்குக் கீழே தைலம் தடவி, அதன்மேல் ஒரு மாஸ்க், அதற்குமேல் இன்னொரு மாஸ்க்.

"பனிப் பிரதேசத்துப் பட்சிம்மா இது. குளிர்காலத்துக்கு வேற தேசத்துக்குப் போகும். வழி தவறி இங்க வந்துடுத்து. இந்தப் பக்கத்துல இதுவரைக்கும் யாருமே பாத்ததில்லை," என்றான் அவளிடம்.

"வழி தப்பினது திரும்பிப் போவாம இங்க என்னா பண்ணுது?"

"இங்க அதுக்கு நல்ல ஆகாரம் கிடைக்கறதும்மா."

ஆகாரம்! புழு. உலகத்தில் இவ்வளவு இடம் கிடக்க, புழு துன்ன என் வீட்டுக் கொல்லைதான் கிடைத்ததா இதற்கு என்று பிரேமலதா காறித் துப்பிவிட்டு உள்ளே போனாள். போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வா என்று புருஷன்கூடச் சொன்னான். "ஈயைப் பாத்தது போதாதா?" என்றாள்.

சொன்ன நாளில் ஜேசிபி வந்தது. அது கரையில் ஏறியதுதான் தாமதம், கேமராக்காரர்கள் குறுக்கே நின்றுகொண்டார்கள். எங்கெங்கோ போன் போயிற்று. மத்தியானத்துக்குள் ஒரு ஆபீசர், ஆமாம், நாலு வருஷமாக இவள் கண்ணால் காணாத ஆபீசர், ஜீப்பிலிருந்து இறங்கி வந்து காகிதத்தை வாசித்தார். அரிய பறவை போகும் வரைக்கும் குட்டையில் எந்த வேலையும் நடக்கக்கூடாதாம். ஜேசிபி பின்னாலேயே நகர்ந்து போயிற்று.

"மனுசி கத்தினதுக்கு நாலு வருசம். குருவி கத்தறதுக்கு முன்னாடியே ஜீப்பு வருது," என்றாள் பிரேமலதா.

இதையாவது பொறுக்கலாம். அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். வெயிலில் சேறு காய ஆரம்பித்தது. சேறு காய்ந்தால் புழு செத்துவிடும், புழு இல்லையென்றால் பறவை போய்விடும். பறவைக்காரர்கள் கூடிப் பேசினார்கள். நேராக மேட்டுக்குப் போய் மேனேஜர் சிரஞ்சீவியைப் பார்த்து, தயவுசெய்து கொஞ்சம் தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று கேட்டார்கள். கரும்பு தின்னக் கூலியா? மறுநாள் விடியும்போது பிரேமலதாவின் காதில் களக் களக் என்று சத்தம் விழுந்தது. அடைத்த குழாய் திறந்திருந்தது. கொழகொழவென்று, நுரையோடு, சீசன் கடைசிப் பழத்தின் தோலும் சக்கையும் புதுசாக இறங்கிக்கொண்டிருந்தன. அவள் வாசலிலேயே வாந்தி எடுத்தாள். பத்து மணிக்கு ஒரு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். "பறவைகளை நேசிப்போம்" என்று எழுதியிருந்ததற்குக் கீழே, படத்தில் சிரஞ்சீவி கைகூப்பி நின்றான். பக்கத்தில் அச்சடித்திருந்ததோ மீன்கொத்தி.

அவள் கௌஸ்துப்பிடம் போனாள்.

"ஏன் நைனா, நீங்களா தொறக்கச் சொன்னீங்க?"

அவனுக்கு முகம் சிவந்தது. "கொஞ்ச நாள்தாம்மா. தண்ணி வத்திட்டா அது போயிடும்."

"போனா போவட்டுமே. அது ஊட்டுக்குத்தான போவுது?"

"உங்க ஊருக்கே பெருமைம்மா இது."

"பெருமைய நீங்க எடுத்துக்கினு போங்க. நாத்தத்தையும் சேத்து மூட்ட கட்டி எடுத்துக்கினு போங்க."

அவன் கையில் சானிடைசர் ஊற்றித் தேய்த்துக்கொண்டே, "இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்கோங்கோ" என்றான். எருதின் நோவு காக்கைக்குத் தெரியுமா? அவன் சாயங்காலம் காரில் ஏறி ஏசி போட்டுக்கொண்டு திருப்பதிக்குப் போய்விடுவான். சீமந்தம் அடுத்த வாரம்.

ஞாயிற்றுக்கிழமை டிவிக்காரர்கள் வந்தார்கள். பஜ்ஜி வண்டி வந்தது, ஐஸ் வண்டி வந்தது. குட்டைக் கரையில் கால் வைக்க இடமில்லை. பிரேமலதா கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவள், "சம்மந்தீ!" என்ற குரலைக் கேட்டு வெளியே வந்தாள். சாட்சாத் முனிலட்சுமி! காரில் நாத்தனார், கொழுந்தன் பெண்டாட்டி, எல்லோரும். டிவியில் பார்த்தார்களாம், நம் சம்மந்தி வீட்டுப் பின்னால்தானே என்று கிளம்பிவிட்டார்களாம். அன்றைக்கு வாசலில் மூக்கைப் பொத்தின அதே முனிலட்சுமி இப்போது கரைமேல் நின்று ஒரு கையில் மிளகாய் பஜ்ஜி, ஒரு கையில் செல்போன் என்று செல்பி எடுத்தாள். காலுக்கு இரண்டடியில் புழுக்குவியல். பஜ்ஜி வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

"சும்மா சொல்லக்கூடாது சம்மந்தி," என்றாள் முனிலட்சுமி, விரலைத் துடைத்துக்கொண்டு. "அன்னைக்கு நான்தான் என்னாமோ பெருசா நெனச்சிட்டேன். இவ்ளோ ஜனம் நின்னுக்கினு கீது, யாரு மூக்க மூடறாங்க? நாத்தம் ஒண்ணும் அப்பிடியில்ல. சீமந்தம் முடிஞ்சதும் பொண்ண இட்டுக்கினு வந்துடுங்க."

பிரேமலதாவுக்குக் காதில் தேன் பாய்ந்தது. பெண் வருகிறாள்! நாலு வருஷம் நாய் படாத பாடு பட்டும் வராதது, ஒரு பஜ்ஜி தின்கிற நேரத்தில் வந்துவிட்டது. இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்தில் நின்ற சிரஞ்சீவி டிவிக்காரனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

"இந்த சம்மந்தியம்மா சொல்றத ரெகார்ட் பண்ணிக்கோங்க. ஆபீஸ் ஆபீஸா ஏறி நாத்தம்னு அர்ஜி குடுத்துக்கினு இருந்தது இந்தப் பிரேமலதாதான். இவங்க சம்மந்தியே சொல்றாங்க பாருங்க, நாத்தமில்லன்னு. சொந்தப் பொண்ணையே பிரசவத்துக்கு இங்கதான் வெச்சிக்கப் போறாங்க. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்?"

மைக் பிரேமலதாவின் வாய்க்குக் கிட்டே வந்தது. அவள் கண் மகளைத் தேடியது. "பிரியங்கா வரலியா?"

"வந்துக்கீறா, காருல," என்றாள் முனிலட்சுமி.

கார் மறைவில், கதவைப் பிடித்துக் குனிந்து நின்றுகொண்டிருந்தாள் பிரியங்கா. வாந்தி எடுத்து எடுத்துக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வயிற்றை ஒரு கை தாங்கியிருந்தது. உதட்டோரம் உட்கார்ந்த ஈயை ஓட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அம்மாவைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. அத்த சரின்னுட்டாங்களா? நான் வந்துடறேம்மா. எனக்கு நம்ம ஊடுதான் வேணும். ரெண்டு நாள்ல பழகிடும்."

பழகிடும். எவன் வாயிலிருந்தெல்லாமோ கேட்டு எரிந்த வார்த்தை, பெற்ற பெண்ணின் வாயிலிருந்து வந்தது. பிரேமலதா மகளின் வாயை முந்தானையால் துடைத்தாள். காருக்குள் உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றச் சொன்னாள். பிறகு விடுவிடுவென்று வீட்டுக்குப் போனாள். பரணில் கிடந்த எண்ணெய் டின்னை எடுத்தாள், அடுப்படியிலிருந்து ஒரு குச்சியையும். கரைக்கு வந்தபோது கௌஸ்துப் யாரோ ஒரு பெரியவருக்குத் தூரக்கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டிருந்தான்.

"தள்ளுப்பா. நானும் பாக்கறேன்."

அவன் சந்தோஷமாக விலகினான். அவள் டின்னைக் காலடியில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். முதல் தடவையாகப் பார்த்தாள். கை நீட்டினால் தொடலாம் போலிருந்தது. வயிற்றிறகில் கறுப்புக் கூழ் கெட்டியாக ஒட்டியிருந்தது. ஒரு காலில் நாரும் சக்கையும் சுற்றி, நடக்கும்போது இழுபட்டது. கண்ணோரம் ஈ. தலையை உதறியது, ஈ போகவில்லை. மறுபடி உதறவில்லை. மூக்கைச் சேற்றில் விட்டுப் புழுவை எடுத்து விழுங்கியது. பனியில் பிறந்ததாம். இதற்கும் பழகிவிட்டிருந்தது.

"அடி பாவி, ஒன்னயும் பழக்கிட்டானுங்களா," என்றாள் பிரேமலதா.

நிமிர்ந்து சம்மந்தியைப் பார்த்தாள். மைக்கையும் பார்த்துக்கொண்டாள்.

"நாறுது சம்மந்தி. அன்னைக்கு நீங்க சொன்னதுதான் நெசம். கொடலப் புடுங்குது. என் பொண்ண இங்க அனுப்பாதீங்க."

முனிலட்சுமி பஜ்ஜிக் காகிதத்தோடு விழித்தாள். பிரேமலதா டின்னை எடுத்து இடுப்பில் அணைத்துக்கொண்டு, குச்சியை ஓங்கினாள். டண்! டண்! டண்! "ஓஓஓய்!" தோப்புக் காலத்துத் தொண்டை அப்படியே இருந்தது. கேமராக்கள் ஆடின. யாரோ "ஒத்து! ஒத்து!" என்று, வேண்டாம் வேண்டாமென்று தெலுங்கில் அலறினார்கள். உள்ளான் விலுக்கென்று எழும்பி, காலில் சுற்றிய நார் தொங்க, குட்டையை ஒரு வட்டம் அடித்தது. மறுபடி இறங்கப் பார்த்தது. இறங்கவிடுவாளா அவள்? தட்டிக்கொண்டே சேற்றுக்குள் முழங்கால்வரை இறங்கினாள். நார் அறுந்து விழுந்தது. பறவை மாமரங்களுக்கு மேலே ஏறி, கிழக்கே போய், மறைந்தே போயிற்று.

கௌஸ்துப்பின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "என்னம்மா இப்படிப் பண்ணிட்டேள்! இனிமே அது எங்க போகும்?"

"புழு இல்லாத எடத்துக்கு," என்றாள். பிறகு டிவிக்காரன் பக்கம் திரும்பினாள். "காயிதத்துல என்னா போட்டுக்கீறாங்க? பறவ போற வரைக்கும். போயிடுச்சு, எல்லாரும் பாத்தீங்க. குழாய அடைச்சிட்டு ஜேசிபிய வரச் சொல்லுங்க."

கூட்டம் இன்னும் வானத்தில் பறவையைத் தேடிக்கொண்டிருந்தது. அப்புறம் பாருங்கள் வேடிக்கையை. முதலில் ஒரு கர்சீப் வெளியே வந்தது. அடுத்து ஒரு முந்தானை. "அப்பப்பா, என்னா நாத்தம்டா சாமி!" என்று முனிலட்சுமியின் நாத்தனார் மூக்கைப் பிடித்துக்கொண்டு காருக்கு ஓடினாள். பறவை இருந்த வரைக்கும் எங்கே ஒளிந்திருந்ததோ அந்த நாற்றம், இப்போது எல்லோர் மூக்கிலும் ஏறிவிட்டது. அரை மணியில் கரை காலி. பஜ்ஜித் தட்டும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் மிச்சம்.

கார் கிளம்பும்போது பிரியங்கா கண்ணாடியை இறக்கி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எல்லாரும் என்னா பேசுவாங்கம்மா?"

"பேசிட்டுப் போறாங்க. நான் அங்க வர்றேன். சம்மந்தி ஊட்டுத் தரையில படுத்தாவது ஒனக்குப் பிரசவம் பாத்துட்டுத்தான் வருவேன். குட்ட சுத்தமாவாம நீ இந்த வாசப்படி மிதிக்கக்கூடாது." முந்தானையால் கண்ணைத் துடைக்கப் போனவள், அதில் சேறு இருப்பதைப் பார்த்துப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் குழாய் களக் களக் என்று ஓடிக்கொண்டேதான் இருந்தது. விடிந்தால் ஜேசிபி வருமா? வராது என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் திங்கட்கிழமை.

காலை முதல் பஸ்ஸில் அவள் ஏறியபோது கண்டக்டர் கர்சீப்புக்கு மேலே கண்ணை உருட்டினார். அவள் இடுப்பில் அந்த எண்ணெய் டின். அதன் வாயைப் பாலிதீன் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தாள். உள்ளே என்னமோ தளும்பியது.

"என்னாம்மா அது, நெய்யா?"

"குட்டத் தண்ணி நைனா. புழுவோட." அவள் டின்னை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஆபீசர் மேஜ மேல அவுத்து வெச்சிட்டு ஒக்காரப் போறேன். அவருக்கு எத்தினி நாள்ல பழகுதுன்னு பாக்கலாம். டிக்கெட்டக் குடு."